யூனியன் ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு

லாஸ் ஏஞ்சலஸ்

அன்புள்ள கோபால்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் ஆபரேஷன் முடிந்து உன் கைப்படவே எழுதியிருந்தாய், அதுவே பெரிய நிம்மதி. கையெழுத்து மட்டும் அன்றைக்குப் போலவே கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது. "அமெரிக்காவில் ரயிலே கிடையாதாமே, அங்கே உனக்கு எப்படிப் பொழுது போகிறது?" என்று கேட்டிருந்தாய். முப்பத்தைந்து வருஷம் கார்டாகப் பச்சைக்கொடி காட்டினவன் இப்படிக் கேட்டால் பதில் எழுதாமல் இருக்க முடியுமா?

பெண் வீடு ஊருக்கு வெளியே. இங்கே கார் ஓட்டத் தெரியாதவன் கால் இல்லாதவன் மாதிரிதான். அதனால் வாரம் ஒரு தடவை மெட்ரோலிங்க் என்ற புறநகர் ரயிலைப் பிடித்து, ஊர் நடுவே இருக்கும் யூனியன் ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறேன். அங்கிருந்து வேறெங்கும் போவதில்லை, ஸ்டேஷனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். மாப்பிள்ளைக்கு இது விளங்கவில்லை. உனக்கு விளங்கும்.

முதலில் உன் தொழில் விஷயம். பெரிய ரயில்களுக்கு இது டெர்மினஸ். எல்லா லைனும் வடக்கே இருந்து வந்து பஃபரில், அதாவது கடைசித் தடுப்பில், முடிகிறது. சான் டியேகோவிலிருந்து சாண்டா பார்பரா பக்கம் போகிற சர்ஃப்லைனர் ரயில்கூட உள்ளே வந்து நின்று, வந்த வழியே பின்வாங்கித்தான் பிரிந்து போக வேண்டும். ஒரு முனையில் இன்ஜின், மறு முனையில் டிரைவர் கேபின் வைத்த பெட்டி. அதனால் இன்ஜினைக் கழற்றி மறு முனையில் மாட்டும் ஷண்டிங் வேலை இல்லை. தெற்கே 101 நெடுஞ்சாலைக்கு மேலே பாலம் போட்டு லைனை நேராக வெளியே கொண்டுபோகலாம் என்று பல வருஷமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஊருக்குள் ஓடும் சின்ன மின்சார ரயில், லைட் ரயில் என்பார்கள், 2009-லேயே அந்த நெடுஞ்சாலையைத் தாண்டிவிட்டது. பெரியவன் திரும்பிப் போகிறான், பொடியன் நேராகப் போகிறான்.

கட்டடம் 1939 மே மாதம் திறந்தது. சதர்ன் பசிபிக், சாண்டா ஃபே, யூனியன் பசிபிக் என்று மூன்று ரயில் கம்பெனிகளுக்கும் பொதுவானது, அதனால்தான் யூனியன். ஆசையாகச் சேர்ந்தார்கள் என்று நினைக்காதே. நகரசபை கோர்ட் கோர்ட்டாக ஏறி அவர்களை இழுத்து வந்தது. வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, ஒரு மணிக்கூண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ஸ்பானியர் காலத்து மாதா கோயில் மாதிரி இருக்கும். உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் பழைய டிக்கெட் ஹால். கருப்பு வால்நட் மரத்தில் 110 அடி நீளக் கவுண்டர். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். டிக்கெட் கொடுக்க ஆளும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. டிக்கெட் விற்கிற இடம் வேறு பக்கம் போய்விட்டது.

அதைத் தாண்டினால் வெயிட்டிங் ஹால். தோல் மெத்தை வைத்த அகலமான மர நாற்காலிகள். ஒரு தடவை உட்கார்ந்தால் என் முழங்கால் எழுந்திருக்க மறுக்கும். ஆனால் அந்த நாற்காலிகள் ஆம்ட்ராக் (தூர ஊர்களுக்கு ஓடும் ரயில்), மெட்ரோலிங்க் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். காவலர் ஒருவர் வந்து மரியாதையாகக் கேட்டார். ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டினேன், தலையசைத்துவிட்டுப் போனார். எதிரே ஒரு கிழவர், தள்ளுவண்டியில் மூட்டை முடிச்சுகளோடு, தூண் ஓரமாக நின்றுகொண்டே இருந்தார். ரூல் போட்டவர்களுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். ராத்திரி வெயிட்டிங் ரூமில் படுத்திருந்தவர்களை நீ எழுப்பினதும், அப்புறம் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன்னிடம் இதற்கு மேல் என்ன சொல்வது.

இன்னொன்று சொல்கிறேன், மனசு கனத்துப் போகும். இந்த இடத்தில் முன்பு சீனர்கள் குடியிருந்தார்கள். கடை, வீடு, சாமி கும்பிட இடம் என்று ஒரு சின்ன ஊரே இருந்தது. ஸ்டேஷனுக்காக 1930-களில் அதை இடித்துத் தள்ளினார்கள். சான்பிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு முதன்முதலில் லைன் போட்டபோது, 1870-களில், சான் ஃபெர்னாண்டோ மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டினவர்களில் பெரும்பாலோர் சீனக் கூலிகள். தண்டவாளம் போட்டவன் வீட்டை இடித்துத்தான் ஸ்டேஷன் எழும்பியது. விரட்டப்பட்டவர்கள் கொஞ்சம் தள்ளிப் புதிதாக ஒரு சைனாடவுன் கட்டிக்கொண்டார்கள். அது 1938-ல், ஸ்டேஷனுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே திறந்துவிட்டது!

முன்வாசலில்தான் இத்தனை அழகும். கூட்டமெல்லாம் பின்னால். தண்டவாளங்களுக்கு அடியில் நீளமாக ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் பிளாட்பாரத்துக்கு ஏறும் சரிவுகள். 1993-ல் ஓடத் தொடங்கிய பாதாள ரயில் அதற்கும் கீழே. நடைபாதை முடிகிற இடத்தில் கிழக்கு வாசல், அதையொட்டி பஸ் நிலையம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவன், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, யூனிஃபார்ம் மாற்றாமலேயே நைட் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள். முன்ஹாலில் தொண்டையைச் செருமக் கூசும், இங்கே கத்திப் பேசினால்தான் காதில் விழும். என்னைக் கேட்டால் ஸ்டேஷன் என்பது இதுதான்.

அந்தக் கிழக்கு வாசலில் ஒரு பெஞ்சு இருக்கிறது. ஆறு போல வளைந்து போகும். மே சன் என்ற கலைஞர் செய்தது. பாதாள ரயிலுக்காகத் தோண்டியபோது பழைய சைனாடவுனிலிருந்து கிடைத்த பொருட்களை அதில் பதித்திருக்கிறார். போன வியாழக்கிழமை போய் உட்கார்ந்தேன். டிக்கெட் யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு சீன அம்மாள், என் வயசிருக்கும், கீரைக்கட்டு நீட்டிக்கொண்டிருந்த பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். பாஷை தெரியாமல் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். அவளுடைய பஸ் வந்தது. எழுந்து போகும்போது பெஞ்சின் விளிம்பை ஒரு தடவை கையால் தடவிவிட்டுப் போனாள். தூசி தட்டினாளோ, வேறு எதற்கோ, எனக்குத் தெரியாது.

மற்றபடி எல்லோரும் சௌக்கியம். பேரன் தமிழில் 'ரயில்' என்று எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறான். 'யி' மட்டும் தலைகீழாக வருகிறது. இரண்டாவது கண்ணுக்கு டாக்டர் எப்போது நாள் குறித்திருக்கிறார்? சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள். அண்ணியை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்