லைப்சிக்கிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே நீங்கள், அம்மா, அப்பத்தா எல்லோரும் நலம்தானே? தீபாவளிக்கு முன்னால் போட்ட உங்கள் கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது. இத்தனை நாள் நானாக எழுதவில்லை என்று அம்மா கோபித்துக்கொண்டிருப்பாள். வேலை ஜாஸ்தி, வேறொன்றுமில்லை.

குளிர் ஆரம்பித்துவிட்டது. நாலரைக்கெல்லாம் இருட்டு. ஹீட்டரை இரண்டிலேயே வைத்திருக்கிறேன். கூட்டினால் தோல் வறண்டுபோகிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. அக்கா கொடுத்த பருப்புப்பொடி ரொட்டிக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

வீட்டில் கேமரா வைக்கலாம் என்று அத்தான் சொல்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் மேல்மாடி அம்மாவிடம் கேட்டால் சண்டைக்கே வந்துவிடுவார். எண்பது வயசு இருக்கும். கடையில் கார்டை நீட்டவே மாட்டார், சில்லறையை எண்ணி எண்ணி வைப்பார். பின்னால் வரிசையே பல்லைக் கடிக்கும். தள்ளுபடி கிடைக்கிறதே என்று நான் கடை ஆப்பைப் போட்டிருக்கிறேன். "நீ என்ன தின்கிறாய் என்று அவனுக்கு எதற்கு?" என்கிறார். கூகுள் தெருப்படத்தில் எங்கள் கட்டடம் மட்டும் மங்கலாக இருக்கும், இவர் வேலைதான். ஒரு குடித்தனக்காரர் எழுதிப் போட்டாலே முழுக் கட்டடத்தையும் மறைத்துவிடுவார்கள். 2010-இல் ஜெர்மனியில் சுமார் 2,44,000 வீட்டார் அப்படிக் கேட்டார்களாம். 2023-இல் புதுப்படம் போட்டபோது பழைய மனு செல்லாது என்றதும், மறுபடி எழுதிப் போட்டார்.

கிறுக்கு என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் கேக் கொடுத்து உட்காரவைத்துச் சொன்னார். இது பழைய கிழக்கு ஜெர்மனி அல்லவா? ஸ்டாசி என்கிற ரகசியப் போலீஸ் ஊரையே உளவு பார்த்தது. அவரவர் ஃபைலை அவரவர் படிக்கலாம் என்று 1992-இல் திறந்துவிட்டார்கள். இவர் வீட்டுக்கு யார் வந்தார்கள், எப்போது விளக்கை அணைத்தார் எல்லாம் அதில் இருந்ததாம். எழுதிக் கொடுத்தது எதிர்வீட்டுச் சிநேகிதி.

இத்தனை மறைக்கிறவர்கள் வாசல் மணியில் மட்டும் பெயரை எழுதிவைக்கிறார்கள்! தபால்காரருக்குக் கதவு நம்பர் கிடையாது, பெயர்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தானே, அதனால் என் மணியில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். ராத்திரி இரண்டாவது ஷிப்ட் முடிந்து வரும்போது அதை ஒரு தரம் தடவிவிட்டுத்தான் மாடி ஏறுகிறேன்.

அத்தான் தன் கடைக் கேமராவை என் போனில் தெரியும்படி செய்திருக்கிறார். தூக்கம் வராமல் ஒரு ராத்திரி திறந்தேன். அங்கே விடிகாலை. தூக்குவாளியோடு நீங்கள் போய்க்கொண்டிருந்தீர்கள். கரண்ட் கம்பத்தைப் பிடித்து நின்று, வலது முழங்காலை அமுக்கிவிட்டுக்கொண்டு, அப்புறம் நடந்தீர்கள். "கால் வலி தேவலை" என்றல்லவா எழுதியிருந்தீர்கள்? அப்பா என்று கூப்பிட வாய் வந்துவிட்டது. அதற்குப் பிறகு திறக்கவில்லை. நீங்கள் சொல்லாமல் வைத்துக்கொண்டதை ஒளிந்து பார்த்த மாதிரி இருக்கிறது. ஆனாலும் பார்த்தாயிற்று, டாக்டரிடம் காட்டுங்கள்.

கேமரா வாசலுக்கும் கொல்லை மோட்டாருக்கும் போதும். கூடத்தில் வேண்டாம், அப்பத்தா புழுக்கத்துக்கு முந்தானையை விலக்கிப் படுக்கிற இடம். மாட்டியதும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள். பிரவுசிங் சென்டர் பையனிடம் ஆதார் நகல் கொடுக்கிறீர்களே, கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற நகல் இருக்கிறது, கூடுமான வரை அதைக் கொடுங்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள், சின்ன மாமாவுக்கும்தான்.

இந்த மாசம் பணம் கொஞ்சம் குறைவாக வரும். மாற்று விகிதம் சரியில்லை. அக்கா நகைக்கு இப்போதைக்கு வட்டியை மட்டும் கட்டுங்கள், தையில் மீட்டுவிடலாம். பத்திரம் இருக்கிற பீரோ சாவியை மாமாவிடம் கொடுத்திருந்தால் வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்