பேய்ப்படத்தை ஒழுங்காகப் போடுங்கள்: யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

சனசமூக நிலையங்களினதும் விளையாட்டுக் கழகங்களினதும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். வளவில் திரை கட்டிப் பழைய தமிழ்ப் பேய்ப்படம் போடுகிறவர்களுக்கும் போட நினைக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறோம். "பேய்ப்படம்தானே, எப்படிப் போட்டால் என்ன" என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. கதையில் ஓட்டை உண்டு, நடிப்பில் மிகை உண்டு, பேயின் முகத்தில் அப்பிய பவுடரும் தெரியும். மறுக்கவில்லை. ஆனால் நல்ல கதையுள்ள படம் மங்கிய திரையிலும் எப்படியோ தப்பிவிடும். பேய்ப்படத்தின் கையில் இருப்பது இருட்டும் சத்தமும் மட்டும்தான். அவை இரண்டும் கெட்டால் பார்ப்பவர் கண்ணுக்குக் குறை மட்டுமே மிஞ்சும்.

இங்கே இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. '13ஆம் நம்பர் வீடு' என்ற பேய்ப்படம் வெளிவந்த 1990இல்தான் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அதன்பின் ரீவி, கசெற் ஓட்டும் டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, நகலுக்கு நகல் எடுத்த கசெற்றில்தான் சனம் படம் பார்த்தது. ஒவ்வொரு நகலிலும் நிறம் கசியும், கறுப்பு சாம்பலாகும், இரவுக் காட்சியில் ஆளே தெரியாது. அந்தக் காலத்துப் பேய்ப்படங்களைப் பார்த்ததாக நினைக்கும் பலர் உண்மையில் அவற்றைக் கேட்டுத்தான் இருக்கிறார்கள்.

பிழையோடு சேர்த்து ரசிக்க அவற்றில் என்ன இருக்கிறது? கைவேலை இருக்கிறது. உடம்பினூடே சுவர் தெரிய நடக்கும் பேய், ஒரே பிலிமை இரண்டு தடவை கமராவில் ஓட்டி எடுத்தது. முதலில் வெறும் அறை. பிறகு பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, கறுப்புத் துணியின் முன் வெள்ளைச் சேலையில் நடிகை. கறுப்பு பதியாது, சேலை மட்டும் அறைக்குள் வந்து விழும். இடையில் கமரா நூலளவு அசைந்திருந்தாலும் பேய் தரையில் கால் பாவாமல் மிதக்கும். தவறுதான், ஆனாலும் பயம் அதில்தான் கூடுகிறது. மெழுகுதிரி தானாகப் பற்றும் இடத்தில் புகையைக் கவனியுங்கள்: மேலிருந்து இறங்கித் திரிக்குள் போகும். ஊதி அணைத்ததைப் பின்னோக்கி ஓட்டியிருப்பார்கள். சுடலையில் கணுக்கால் அளவுக்கு ஊரும் வெண்புகை, வெந்நீரில் போட்ட உலர் பனிக்கட்டி. அது காற்றை விடப் பாரமானது, அதனால் எழும்பாது. சிறு காற்று அடித்தாலும் கலைந்துவிடும். அதனால்தான் அந்தச் சுடலைகளில் ஒரு இலைகூட அசைவதில்லை.

இனி உங்கள் புரொஜெக்டர். பெரும்பாலும் கிரிக்கெட் காட்டும்போது வைத்த செற்றிங்கிலேயே படமும் ஓடும். எல்லாம் கெடுவது இதில்தான். அக்காலத்து இரவுக் காட்சிகள் பல பட்டப்பகலில், நீல பில்ரர் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தவை. 'டைனமிக்' மோட் அந்த இருட்டைத் தூக்கிவிடும். நடுநிசி மதியமாகும், நிலத்தில் வெயில் நிழல் தெரியும். 'சினிமா' மோட்டுக்கு மாற்றுங்கள். அசைவை மென்மையாக்கும் வசதி இருந்தால் நிறுத்துங்கள். அது செக்கனுக்கு 24 படச் சட்டங்களின் நடுவே இல்லாத சட்டங்களைச் செருகிப் படத்தை ரீவி நாடகமாக்கும். பழைய பிரதி 4:3 அளவில் இருந்தால் அப்படியே விடுங்கள். திரை நிறைய வேண்டுமென்று இழுத்தால் மெலிந்த மோகினிக்கும் முகம் பூசணிக்காயாகும்.

12 அடி அகலத் திரைக்கு 3000 லூமன் ஒளி தரும் புரொஜெக்டர் போதும். பெரும்பாலான புரொஜெக்டர்களை ஏறத்தாழ 18 அடி தள்ளி வைக்க வேண்டிவரும். வெள்ளைத் துணிக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் ஒளி ஊடுருவிப் போய்விடும், பின்னாலுள்ள வெளிச்சமும் முன்னுக்கு வரும். சோழகக் காற்றில் திரை பாய்போல் புடைக்கும். கயிற்றால் இறுக்கினால் கிழியும். பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டி அடிக்கொரு கட்டுப் போடுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை வெளியில் வேண்டாம், மண்டபம்தான். நிலவு எறிக்கும் பறுவத்தை, அதாவது பௌர்ணமியை, அண்டிய நாட்களையும் தவிருங்கள். ஒளிக்கற்றைக்குள் பூச்சி பறந்தால் திரையில் வௌவால் அளவில் தெரியும்; வளவின் மறுகோடியில் ஒரு வெள்ளைக் குமிழைப் போட்டுவைத்தால் பெரும்பகுதி அங்கே போய்விடும்.

சத்தத்துக்குக் கூம்பு ஸ்பீக்கர் வேண்டாம். அலறல் அதில் பிளந்து காதைக் குத்தும், பயம் வராது. 150 பேருக்கு 12 அங்குலப் பெட்டிகள் இரண்டு போதும். திரையின் இருபக்கமும் ஆறடி உயரத்தில் வையுங்கள். பழைய பிரதிகளில் ஒலி ஒற்றைத் தடம், சிலவற்றில் இடப்பக்கம் மட்டுமே வரும். மிக்சரில் மோனோவாக்கி இரண்டு பெட்டிக்கும் அனுப்புங்கள். 8 கிலோஹேர்ட்சுக்கு மேலே இரைச்சல்தான் இருக்கும், குறைத்துவிடுங்கள். பாஸைக் கூட்டாதீர்கள், வசனம் சேறாகும். ஒலியளவைப் படத்தின் ஆகப் பெரிய அலறலை ஓட்டிப் பார்த்துத் தீர்மானியுங்கள். வசனத்தை வைத்துத் தீர்மானித்தால் பேய் வரும்போது அம்பிளிபயர் திணறும். புளூடூத் வேண்டாம், வாய் அசைந்த பிறகு சத்தம் வரும்.

புரொஜெக்டரை யூபிஎஸ்ஸில் போடுங்கள். மின்சாரம் திடீரென நின்று விசிறியும் நின்றால் சூட்டில் குமிழ் போய்விடக்கூடும். ஜெனரேற்றரை மதிலுக்கு அப்பால், 100 அடி தள்ளி வையுங்கள். இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கி கூடாது, பொலிஸ் அனுமதியும் வேண்டும். 7:15க்குத் தொடங்கினால் இடைவேளையோடு 9:45க்கு முடியும். படத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நேரம் மிச்சம் பிடிக்கப் பாட்டை வெட்டாதீர்கள். அடுத்த அதிர்ச்சிக்கு முன் சனம் மூச்சு விடும் இடம் அதுதான்.

எந்தப் படம்? தன் பேயைத் தானே நம்பும் படம். முதல் 20 நிமிடமும் கடைசி 20 நிமிடமும் பார்த்தால் தெரிந்துவிடும். பணம் போதாமல் சறுக்கிய படத்தை எடுங்கள். முயற்சியே இல்லாத படத்தைத் தள்ளுங்கள். பெண்ணை அடிப்பதையும் திருநங்கையை இழிவுபடுத்துவதையும் பகிடியாக்கும் படங்கள் இந்த வகையில் நிறைய உண்டு. அவற்றைப் பழைய படமென்று மன்னிக்க முடியாது. வேறு படம் தேடுங்கள்.

சனம் கத்தினால் அடக்காதீர்கள். படத்து மந்திரவாதி தேசிக்காய் வெட்டும் முறை பிழையென்று, தோஷம் நீக்கக் கழிப்புக் கழித்ததைக் கண்ட ஆச்சி உரத்துச் சொல்லட்டும். இந்தப் படங்கள் கூட்டத்துக்காகவே எடுக்கப்பட்டவை. ஆனால் மைக்கைப் பிடித்து நக்கலடிக்க ஒருவரையும் விடாதீர்கள். பயப்பட வந்த பிள்ளையின் பயத்தை அது பறித்துவிடும். எட்டு வயதுக்குக் குறைந்தவர்களைப் பெற்றோரோடு ஓரமாக, எழும்பிப் போக வசதியான இடத்தில் இருத்துங்கள். முடிந்ததும் ஒழுங்கை முனைவரை லைற் அரைமணி நேரமாவது எரியட்டும்.

திரைச் சட்டம் அடிக்கவும் செற்றிங் பார்க்கவும் ஆள் தேவையென்றால், காட்சிக்கு முதல்நாள் மாலை கூப்பிடுங்கள். இருட்டிய பிறகுதான் சரிபார்க்க முடியும், ஆகவே ஏழு மணிக்கு வருவோம்.

அன்புடன்,
வளவுகளில் படம் காட்டும் சிலர்
யாழ்ப்பாணம்