மேல்வரிசைக்குத் தண்ணீர் விடக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
மேல்வரிசைக் குடியிருப்போர், 31 குடும்பங்கள்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
குடிநீர் வழங்கலுக்குப் பொறுப்பான அலுவலர் அவர்கள்.

பொருள்: எங்கள் மேல்வரிசை வீடுகளுக்கு ஒழுங்காகக் குடிநீர் விடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற ஆண்டு சித்திரை, ஆடி, கார்த்திகை மாதங்களில் நேரில் கொடுத்த மூன்று மனுக்கள். (மூன்றுக்கும் ரசீது இருக்கிறது. பதில்தான் இல்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் இந்த ஊரை நன்கு அறிந்தவர்கள் என்பதால் வழி சொல்லத் தேவையில்லை. காமராஜர் சதுக்கத்திலிருந்து மேடேறி வந்தால் தேயிலைக்கு நடுவே தகரக் கூரைகள் ஒரே வரிசையாகத் தெரியும். அதுதான் நாங்கள். எங்களுக்கும் மேலே கண்ணாடிச் சுவர் வைத்த பங்களாக்கள் தெரியும். அது நாங்கள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது. ஏனென்றால் ஆடி மாதம் மனு கொடுக்க வந்தபோது முன்னறையில் இருந்த ஒரு தம்பி, "கோத்தகிரிக்காரங்களுக்கு என்னம்மா குறை, இங்கே சென்ட் என்ன விலைன்னு தெரியுமா?" என்று சிரித்தார். தெரியும் ஐயா. எங்கள் பேரில் ஒரு சென்ட்கூட இல்லாததால் நன்றாகவே தெரியும்.

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். கல்லூரியில் படிக்கிறாள். மனு என்றால் இப்படி எழுதக் கூடாது என்று இடையிடையே தடுக்கிறாள். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் குறைகளைக் கீழ்க்கண்டவாறு பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

1. எங்கள் வரிசைக்கு முன்பு ஐந்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பிறகு எட்டு நாள் ஆனது. இப்போது பத்து நாளைக்கு ஒரு முறை என்கிறார்கள். வருவது பன்னிரண்டாம் நாள், சில சமயம் பதின்மூன்றாம் நாள். விடுவது நாற்பது நிமிடம். அதில் முதல் பத்து நிமிடம் குழாய் இரைகிறது, காற்று மட்டும்தான் வருகிறது.

2. விடும் நேரம் இரவு இரண்டு மணி, இரண்டரை மணி. திறந்துவிடுகிறவர் மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது. ஒரே ஆள் நான்கு பக்கம் ஓடுகிறார், அவருக்கும் குளிர்தானே. ஆனால் எந்த இரவு என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை. ஒன்பதாம் நாளிலிருந்தே அரைத் தூக்கம்தான். குழாய் இரையும் சத்தம் கேட்டால் கம்பளியை உதறிவிட்டு ஓடுகிறோம். மார்கழியில் குழாயைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். பனிமூட்டத்தில் எதிரே நிற்பது பக்கத்து வீட்டு அக்காவா காட்டெருமையா என்று டார்ச் அடித்துப் பார்த்துத்தான் குடத்தை வைக்கிறோம். இதற்குள் கீழ்வரிசையில் இருக்கும் விடுதிகள் மோட்டார் போட்டு உறிஞ்சிவிடுகின்றன. மோட்டார் வைப்பது தவறு என்று அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சித்திரையில் முதல் மனு கொடுத்தோம்.

கிடைப்பது வீட்டுக்கு ஒரு நீல டிரம், ஆறேழு குடம். அதை வைத்துப் பன்னிரண்டு நாள். குடிப்பதற்கு, சமையலுக்கு, குழந்தைகள் குளிக்க, கக்கூசுக்கு. அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம், பாத்திரம் கழுவிய தண்ணீர் கக்கூசுக்கு. எட்டாம் நாள் டிரம்மில் புழு நெளியும். வேட்டித் துணியில் வடிகட்டிக் கொதிக்க வைக்கிறோம்.

3. நான் வேலை பார்க்கும் பங்களாவின் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் வேலை போய்விடும். முதலாளி நல்லவர், சம்பளம் தள்ளிப்போடுவதில்லை. வருடத்தில் இருபது நாள் வருவார். மற்ற நாட்களில் சனி, ஞாயிறுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே ஐயாயிரம் லிட்டர் தொட்டி இரண்டு இருக்கிறது. பாதி குறைந்ததும் நான்தான் போன் போடுகிறேன். பிக்கப் வண்டியில் தொட்டி வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டால் "ஊத்துத் தண்ணிக்கா" என்கிறார்கள். ஊற்று யாருடையது ஐயா? நாங்கள் அதில் குடம் வைத்தால் விரட்டுகிறார்கள், அவர்கள் மோட்டார் வைத்தால் அது வியாபாரமாம்.

மாசி, பங்குனியில் புல்தரைக்குக் காலையும் மாலையும் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். நான்தான் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். புல் காய்ந்தால் படத்தில் நன்றாக இருக்காது, வருகிறவர்கள் குறைந்த நட்சத்திரம் போட்டுவிடுவார்கள். அப்படி நிற்கும்போது அங்கே தங்க வந்த ஓர் அம்மா பக்கத்தில் வந்து, "கொடுத்து வெச்சவங்க நீங்க, இப்படி ஒரு ஊர்ல இருக்கீங்க" என்றார். "ஆமாங்க" என்றேன். அன்று எங்கள் வீட்டில் பதினோராம் நாள்.

இதை வயிற்றெரிச்சலில் சொல்வதாக நினைக்க வேண்டாம். குளிருக்காக மலையேறி வருகிறவர்கள் புதிதாக வந்தவர்களும் இல்லை. 1819இலேயே கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் துரை வந்து பக்கத்துக் கன்னேரிமுக்கில் பங்களா கட்டிவிட்டார். அதை இன்றும் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களால்தான் எங்களுக்குச் சோறு. பட்டர் ஃப்ரூட்டும் சீஸும் அடுக்கிய கடைகளில் எங்கள் பிள்ளைகள்தான் பில் போடுகிறார்கள். பச்சைத் தேயிலை விலையை நம்பி யார் வீட்டிலும் அடுப்பு எரிவதில்லை இப்போது. அதனால் யாரையும் வரவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்கள் புல்லுக்கு ஊற்றுவதில் பாதி எங்கள் குடத்துக்கு வரட்டும் என்கிறோம்.

4. குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் மலையேறி வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் பார்க்கிறார்கள். 2024 மே 7 முதல் நடக்கிறது. 2025 கோடைக்கு இந்த மாவட்டத்துக்குள் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பே வைத்தது. நல்லதுதான். ஒரு வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தாலும் எத்தனை பேர் குளிக்கிறார்கள்? வண்டியை எண்ணத் தெரிந்த அரசாங்கத்துக்கு வாளியை எண்ண முடியாதா? பிளாஸ்டிக் பாட்டிலைத் தடுத்தார்கள், அதுவும் நல்லது. தடுத்த கையோடு வருகிறவர்கள் தாகத்துக்குச் சாலையோரம் தண்ணீர் ஏடிஎம் வைத்தார்கள். காசைப் போட்டால் எந்த நேரமும் தண்ணீர் வருகிறது. நாங்களும் வரி கட்டுகிறோம் ஐயா. குடிநீர்க் கட்டணம் ஒரு வருடம்கூட பாக்கி இல்லை. ரசீது இணைத்திருக்கிறோம்.

5. இதை எழுத வேண்டாம் என்று மகள் சொல்கிறாள். எழுது என்று சொல்லிவிட்டேன்.

சென்ற மாசியில் என் மாமியார் இறந்துபோனார். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, மறுபடி ஒரு தேயிலை மலைக்கே வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவர். விடியற்காலை நாலு மணிக்கு உயிர் போனது. அன்று எங்களுக்குப் பத்தாம் நாள். வீட்டில் இருந்தது ஒன்றரைக் குடம். அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒரு சொம்பு கொடுத்தார்கள், அவர்களிடமும் அதற்கு மேல் இல்லை. பிணத்தைக் குளிப்பாட்ட வேண்டும், வந்தவர்களுக்குக் காபி போட வேண்டும், எடுத்த பிறகு வீட்டைக் கழுவிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் குழாயைத் திறந்து திறந்து பார்த்தார். காற்றுகூட வரவில்லை.

தண்ணீர் வண்டிக்காரருக்குப் போன் செய்தோம். சனிக்கிழமை, விடுதிகளுக்கு ஓட்டம் இருக்கிறது, மாலைதான் முடியும் என்றார். கடைசியில் நான் பங்களா முதலாளிக்குப் போன் போட்டேன். பாவம், உடனே எடுத்துக்கொள்ளச் சொன்னார். புல்லுக்கு ஊற்றும் குழாயிலிருந்து இரண்டு டிரம் பிடித்து, ஆட்டோவில் வைத்து இறக்கி, அந்தத் தண்ணீரில்தான் அவரைக் குளிப்பாட்டினோம்.

இதற்கு மேல் நான் என்ன எழுத வேண்டும் என்று தாங்களே சொல்லுங்கள்.

6. கார்த்திகையில் மூன்றாவது மனுவோடு வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. "இந்த மழையில தண்ணி இல்லன்னு வர்றீங்களே" என்றார்கள். மண் சரிந்து குழாய் உடைந்திருந்தது, அதைத்தான் சொல்ல வந்தோம். 2009 நவம்பரில் பெய்த மழையில் இந்த மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். தண்ணீர் அதிகமானாலும் சரிவில் இருக்கிற நாங்கள்தான் சாகிறோம், குறைந்தாலும் நாங்கள்தான். மழை பெய்தால் போதுமா? பிடித்து வைக்கச் சோலை வேண்டாமா? லாங்வுட் சோலை மொத்தமே 116 ஹெக்டேர். அந்தத் துண்டுக் காடு குடித்து வைக்கும் மழையைத்தான் சுற்றியுள்ள ஊர்கள் குடிக்கின்றன. மற்ற சோலையெல்லாம் எப்போதோ தேயிலையாகிவிட்டது, தேயிலை இப்போது பங்களாவாகிக்கொண்டிருக்கிறது. பள்ளத்துச் சதுப்பை மண் கொட்டி மேடாக்கி வண்டி நிறுத்துகிறார்கள். அப்புறம் ஊற்று எங்கே ஊறும்? இது எங்கள் மனுவுக்குள் வராது என்று தெரியும். வேறு யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

7. தண்ணீர் தீர்ந்த நாட்களில் தேயிலைக்குக் கீழே இருக்கும் பழைய ஊற்றுக்குப் போகிறோம். வேலை முடிந்து போனால் இருட்டிவிடும். அங்கே கரடி வருகிறது. பலமுறை சொல்லியாயிற்று. தனியாகப் போக வேண்டாம் என்று அறிவுரை சொல்கிறார்கள். சரி, நாலு பேராகப் போகிறோம். நாலு பேரும் பெண்கள்.

8. கரடி.

(எட்டாவதாக வேறு ஏதோ சொல்ல நினைத்தேன். மறந்துவிட்டது. மகள் அந்த வரியை அடிக்கப் போனாள், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.)

ஆகவே ஐயா, தாங்கள் தயவுகூர்ந்து எங்கள் மேல்வரிசைக்கு ஆறு நாளைக்கு ஒரு முறையாவது தண்ணீர் விட ஏற்பாடு செய்யுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறோம். இரவு இரண்டு மணிக்குப் பதிலாக விடிந்த பிறகு விடவும். எந்த நாள் என்று தெருமுனையில் ஒரு பலகையில் எழுதிப் போடவும், சாக்பீஸ் நாங்கள் வாங்கித் தருகிறோம். கீழே மோட்டார் வைத்திருக்கும் இடங்களை ஒரு நாள், தண்ணீர் விடும் நேரத்திலேயே வந்து பார்க்கவும். பகலில் வந்தால் மோட்டார் இருக்காது.

தெருவுக்கு ஒரு தொட்டி கட்டித் தந்தால் இன்னும் நல்லது. பெரிய கட்டடம் வேண்டாம். இந்த மலையில் ஏழு மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும். எங்கள் தொட்டிக்கு ஆள் உயரமே போதும். வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் இலவசமாக வருகிறோம் என்று சித்திரை மனுவிலேயே எழுதியிருந்தோம். படித்தீர்களா?

மன்னிக்கவும். தண்ணீர் விடுங்கள் ஐயா. இதற்கு முன் மூன்று முறை "ஆவன செய்யுமாறு" என்று எழுதினோம். இந்த முறை நேராகவே கேட்கிறோம். தண்ணீர் விடுங்கள்.

எங்கள் கணக்குப்படி அடுத்த முறை வருகிற வெள்ளிக்கிழமை இரவு. அவர்கள் சொல்லும் பத்தாம் நாள் அன்றுதான். இரண்டு மணிக்கு நாங்கள் 31 வீட்டுக்காரர்களும் குழாயடியில் இருப்போம். தாங்கள் நேரில் வந்து பார்க்கலாம். கடைசி வீட்டுப் படி உடைந்திருக்கிறது, பார்த்துக் கால் வைக்கவும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வரவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேல்வரிசைக் குடியிருப்போர்

(கையெழுத்து 24, கைநாட்டு 7)

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ரசீது நகல், குடிநீர்க் கட்டண ரசீது நகல்.