கப்பலுக்குப் போகும் மகளுக்கு

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பியதை அப்பா இரண்டு தரம் சத்தமாக வாசித்தார். வருடாந்த லீவோடு சம்பளமில்லா லீவையும் சேர்த்து, டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் உன் காசையே கட்டி, எட்டுக் கிழமை ஒரு ஆஸ்பத்திரிக் கப்பலில் நோயாளிகளைப் பார்க்க, ஆபிரிக்காவில் இருக்கும் சியரா லியோனுக்குப் போகிறாய் என்று. "அந்த லீவுக்கு இங்கே வந்திருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு மரீன் டிரைவ் பக்கம் நடக்கப் போனார். திரும்பி வந்து, அந்தக் கப்பலில் சத்திரசிகிச்சைக் கூடம் எத்தனை என்று கேட்டார். ஆறு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, போகட்டும்" என்றார்.

நான் உன்னை மறிக்கப் போவதில்லை. முப்பத்து நாலு வருடம் வாட்டில் நின்றவள் நான். முகத்தில் கட்டி வளர்ந்து, துணியால் மூடிக்கொண்டு ஊருக்குள் வராமல் இருக்கிறவர்கள், உதடு பிளந்து பால் குடிக்க முடியாத குழந்தைகள், கண்புரையால் இருட்டில் இருக்கிறவர்கள். இவர்களுக்கு வேண்டியது ஒரு நல்ல சத்திரசிகிச்சை. அதைச் செய்ய ஆளும் கரண்டும் சுத்தமான தண்ணீரும் ஒரே இடத்தில் இல்லாத ஊருக்கு, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் போகிறதென்றால் அதில் என் பிள்ளையும் நிற்பது எனக்குப் பெருமைதான். பதினொரு வருடம் உள்நாட்டுப் போர், பிறகு 2014இல் எபோலா. அந்த நோயில் எத்தனை டொக்டர்மாரையும் தாதிமாரையும் அந்த நாடு பறிகொடுத்தது! போர் என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை உனக்குச் சொல்லாதது.

1979இல் மானிப்பாயில் இருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்தபோது எனக்குச் சிங்களம் நாலு சொல்தான் தெரியும். ஹேர்னியா சத்திரசிகிச்சை முடிந்த ஒரு கிராமத்துக் கிழவி, மூன்றாம் நாள் காலையில் என் கையைப் பிடித்து, "படகினி, மிஸி, படகினி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மிஸி என்றால் தாதி. பட என்றால் வயிறு, கினி என்றால் நெருப்பு. அது எனக்குத் தெரியும். வயிறு எரிகிறது என்று தாளில் எழுதி வைத்தேன். டொக்டர் அன்று அவசரத்தில் நான் எழுதியதையே பார்த்து, சாப்பாட்டை நிறுத்தி, அமிலத்துக்கு மருந்து எழுதினார். நானும் நேரத்துக்கு நேரம் அன்பாகத்தான் கொடுத்தேன். பின்னேரம் வாட்டு கூட்ட வந்த பெண்தான் சொன்னார்: "மிஸி, அவவுக்குப் பசி." சிங்களத்தில் பசிக்குப் பெயரே அதுதான். ஒரு பகல் முழுக்க, பசி என்று சொன்னவருக்கு நான் மருந்து கொடுத்திருக்கிறேன். கஞ்சியை ஊட்டியபோது அந்தக் கிழவி என் தலையைத் தடவிவிட்டார். அதை இன்றைக்கு நினைத்தாலும் என்னால் தாங்க முடியாது.

அதற்குப் பிறகுதான் நம்முடைய ஊர் ஆஸ்பத்திரிச் சுவரில் படமாகத் தொங்கிய கிறீன் டொக்டரை எனக்கு விளங்கியது. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் அமெரிக்காவில் இருந்து மிஷன் டொக்டராக யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். அவருக்கு முன்பே, 1820இல், ஸ்கடர் டொக்டர் பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கிவிட்டார். அந்தக் குடும்பத்துப் பேத்தி ஐடா ஸ்கடர்தான் பிறகு வேலூர் ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர். கிறீன் செய்தது என்ன தெரியுமா? தமிழ் படித்தார். உடற்கூறு, பிரசவம், இரண வைத்தியம் எல்லாவற்றையும் தமிழில் புத்தகமாக்கினார். நம்முடைய பொடியன்களை முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலேயும் படிப்பித்து, அறுபதுக்கு மேற்பட்டவர்களை டொக்டர் ஆக்கினார். 1873இல் அவர் ஊருக்குத் திரும்பியபோது வைத்தியம் அவரோடு கப்பலேறிப் போகவில்லை. கிறிஸ்தவ வேதம் சொல்ல வந்தவர்தான் அவரும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் என் பூட்டிக்குப் பிரசவம் பார்த்தது அவரிடம் படித்த ஒருவர் என்று அம்மம்மா சொல்லுவார். அந்த நாளில் நாங்கள் வேதக்காரராகவும் இல்லை.

மற்றப் பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு கோயிலில் இருந்து நாங்கள் கிழக்குக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். ஒரு முகாமில், வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு குழு இரண்டு நாள் நின்று, ஜெபம் செய்து, படம் எடுத்து, பை பையாகக் குளிசை கொடுத்துவிட்டுப் போயிருந்தது. உறையில் ஒரு தமிழ் எழுத்து இல்லை. எதை எப்போது விழுங்குவது என்று தெரியாமல் ஒரு தாய் எல்லாவற்றையும் தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். காலில் போட்ட தையலை யார் வெட்டுவது என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். அதே முகாமில் வேறொரு வெள்ளைக்கார மிஸி, அறுபது வயதிருக்கும், பாயில் படுத்து, ஒரு மாதம் நின்று புண் கட்டினார். நம்மவர் பிள்ளைகள் இரண்டு பேருக்கு அந்த வேலையைப் பழக்கிவிட்டுத்தான் போனார். அந்தக் குழுவும் இந்த மிஸியும் கர்த்தரின் பெயரைச் சொல்லித்தான் வந்தார்கள்.

வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனைக் காப்பாற்றிய, பைபிளில் வரும் சமாரியன் கதையில் எனக்குப் பிடித்த இடம் எண்ணெய் வார்த்ததல்ல. அவன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, இவனைப் பார்த்துக்கொள், மிச்சச் செலவைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான் பார், அந்த இடம். அடிபட்டவனிடம் நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று ஒரு கேள்வியும் இல்லை.

அந்தக் கப்பலில் உள்ளூர்த் தாதிமாருக்கும் டொக்டர்மாருக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உனக்குக் கொடுக்கும் வேலைப் பட்டியலில் அது இல்லாவிட்டாலும் கேட்டு வாங்கு. கட்டு மாற்றும்போது பக்கத்தில் ஒரு உள்ளூர்ப் பிள்ளையை நிறுத்திக்கொள். மொழிபெயர்க்க வருகிறவர்களை வெறும் குரலாக நினைக்காதே. எனக்கு வாட்டு கூட்டிய பெண் சொன்னதைத்தான் அவர்கள் உனக்குச் சொல்லப் போகிறார்கள். ஜெபம் கேட்டால் ஜெபி. கேட்காதவருக்கு மருந்துக் கட்டணமாக அதை வைக்காதே. துணியால் முகத்தை மூடியிருப்பவரிடம் ஃபோனைத் தூக்காதே.

ஏழை நாட்டுக்காரர் வாங்க மட்டும்தான் தெரிந்தவர்கள் என்றும் நினைத்துவிடாதே. 1961இல் ஹட்சன் சில்வா டொக்டர் தொடங்கிய கண்தானச் சங்கம், இந்தச் சின்ன நாட்டில் இருந்து எத்தனை நாடுகளுக்குக் கண் அனுப்பியிருக்கிறது. நானும் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

அங்கே பேசுகிற கிரியோ மொழியில் சுகம் விசாரிப்பதற்கு "அவ் டி பொடி" என்பார்களாம், உடம்பு எப்படி என்று. நாங்கள் "சுகமா இருக்கிறீங்களா" என்று கேட்பது மாதிரியே இருக்கிறது. அதை இப்போதே வாயில் பழகு.

மலேரியாக் குளிசையை மறக்காதே. அப்பா உனக்கு மிளகாய்த்தூள் வறுத்து வைக்கச் சொல்கிறார். யாராவது லண்டனுக்கு வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

போய் இறங்கியதும், பசி என்பதற்கு அங்கே என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா