கூட்டம் கலைந்த பிறகும் வருகிறவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2021-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்த பிறகு பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மனமார வரவேற்கிறேன். ஆனால் படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குப் பேச்சுத்துணையும் வேண்டுமே.

பக்கவாதத்தில் விழுந்த என் தாயாரைப் பார்க்க எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில், ஜெபமும் வீடு சந்திப்பும் செய்யும் பக்த அமைப்பான மரியாயின் சேனையின் அக்காமார் இருவர் வாரம் தவறாமல் வந்தார்கள். இருவராகப் போவதுதான் சேனையின் வழக்கம். பண உதவி, பொருளுதவி அவர்கள் வேலையல்ல. அதற்கு வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. ஒருவர் அம்மாவின் கண்ணாடியை முந்தானையால் துடைத்து மாட்டிவிடுவார். மற்றவர் மடங்கிப்போன விரல்களுக்கிடையே ஜெபமாலையைக் கோத்துவிடுவார். ‘அருள் நிறைந்த மரியே’ பாதியில் குழறி நின்றுவிடும். அவசரப்படுத்தாமல், அம்மா முடிக்கும்வரை காத்திருப்பார்கள்.

அடக்கத்தன்று வீடு கொள்ளாத கூட்டம். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் வாசல் வெறிச்சோடிப்போனது. அப்போதும் அந்த இருவரும் வந்தார்கள், தனித்துப்போன அப்பாவுக்காக. ஒன்றும் பேசாமல் அவரோடு காபி குடித்துவிட்டுப் போன நாட்களும் உண்டு.

எங்கள் பங்கில் இப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைக் கடந்த பெண்களே. ஆண்களும் இளையோரும் சேர வேண்டும். படுக்கைப்புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க அவர்களுக்குச் செவிலியர்களைக் கொண்டு பயிற்சி தரவேண்டும். பிப்ரவரி 11, உலக நோயாளர் தினத்தைப் பூசையோடு முடித்துவிடாமல் பங்குத்தந்தையர் அன்றே இதைத் தொடங்கலாம்.

– ஒரு வாசகர், தூத்துக்குடி