வெள்ளிக்கிழமைப் பயணம் பற்றி மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை லண்டனில் 6.30 விமானத்தில் ஏறி, எட்டு மணிக்கு இரவுச் சாப்பாட்டுக்கு பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்னேவ் வீட்டில் நிற்பேன் என்று நீ தொலைபேசியில் சொன்னதை அம்மா அப்படியே நம்பிவிட்டார். பயணம் ஒன்றேகால் மணித்தியாலம் என்ற உன் கணக்கு பிழையில்லை. ஆனால் பாரிஸ் நேரம் லண்டனை விட எப்போதும் ஒரு மணித்தியாலம் முன்னே ஓடுவதால், நீ வந்திறங்கும்போது இங்கே 8.45 ஆகியிருக்கும். திரும்பிப் போகும் நாளிலோ காலை 10 மணிக்குப் புறப்பட்டு 10.15க்கே லண்டனில் இறங்குவதாகப் பயணச்சீட்டில் போட்டிருக்கும். அதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதே.

இரு நகரங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 340 கிலோமீற்றர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் தரைவழித் தூரத்தைவிடக் குறைவு. விமானம் வானில் இருப்பது ஒரு மணித்தியாலத்திற்கும் குறைவாகவே இருக்கும். மீதி நேரம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும், இறங்கியபின் முனையத்தைத் தேடி ஊர்வதிலும் கழிகிறது. கதவு மூடியதிலிருந்து திறக்கும் வரையான முழு நேரத்தையும் சேர்த்துத்தான் விமான நிறுவனங்கள் பயண நேரம் என்கின்றன. நீ ஈஸ்ட் ஹாமில் இருக்கிறாய், ஹீத்ரோ விமான நிலையமோ நகரத்தின் மறுமுனையில் இருக்கிறது. இரண்டு மணித்தியாலம் முன்னதாக அங்கே நிற்க வேண்டுமென்றால், வேலையிலிருந்து மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். இங்கே கடவுச்சீட்டுச் சோதனை முடிந்து நீ வாசலுக்கு வரப் பத்து மணியாகிவிடும். மலிவாகக் கிடைக்கிறதென்று போவே விமான நிலையத்துக்கு மட்டும் சீட்டு எடுத்துவிடாதே. பெயரில்தான் பாரிஸ், இருப்பதோ 80 கிலோமீற்றருக்கு அப்பால்.

லண்டனிலிருந்து பாரிசுக்கு ஓடும் யூரோஸ்டார் ரயிலில் வா என்பதே என் சொல். தண்டவாள வழியில் தூரம் 490 கிலோமீற்றருக்குக் கிட்ட வந்தாலும், வேகமான ரயில் 2 மணித்தியாலம் 16 நிமிடத்தில் வந்து சேர்கிறது. 1994இல் திறந்த கடலடிச் சுரங்கம் 50 கிலோமீற்றர் நீளம். அதைக் கடக்க இருபது நிமிடம் போதும். உன் வீட்டிலிருந்து ஹாமர்ஸ்மித் அன்ட் சிற்றி சுரங்க ரயிலில், மாறி ஏறாமலே, யூரோஸ்டார் புறப்படும் சென்ட் பங்கிராஸ் நிலையத்துக்குப் போகலாம். பிரெஞ்சுப் பொலிசாரின் சோதனையும் அங்கேயே முடிந்துவிடுவதால், பாரிசின் கார் து நோர் நிலையத்தில் இறங்கியவுடன் நேரே வெளியே வந்துவிடுவாய். சார்ல் து கோல் விமான நிலையமும் நம் வீட்டு ஆர்.இ.ஆர். பி புறநகர் ரயில் பாதையில்தான் இருக்கிறது என்று நீ வாதாடுவாய். உண்மைதான், ஆனால் கார் து நோரிலிருந்து வீடு அதைவிடக் கிட்ட.

வெள்ளி மாலைச் சீட்டுகள் நாள் நெருங்க நெருங்க விலையேறும். இன்றே பார், கட்டுபடியாகாவிட்டால் சனி காலை வா. அப்படி வந்தால், கார் து நோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் முருங்கைக்காயும் வாங்கி வரலாம். எந்த ரயில் என்றாலும் வந்துசேரும் நேரத்தைப் பிரான்ஸ் நேரப்படி அம்மாவுக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா