பெற்றோல் குழாய் முழுவதையும் மாற்றிவிட்டேன், மகள்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பார்சல் போன கிழமை வந்து சேர்ந்தது. ஹோஸ், பைப், கிளிப் எல்லாம் பத்திரமாக இருந்தன. "கசியிற துண்டை மட்டும் மாத்தினா போதாதாப்பா?" என்று போனில் கேட்டாய். லைன் விட்டு விட்டுக் கேட்டதால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. சித்திரைக்கு வரும்போது பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நுவரெலியாவுக்கு நீதான் ஓட்டப் போகிறாய். அதனால் இதெல்லாம் உனக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நம்முடைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் 1970ஆம் வருஷத்து வண்டி. பெற்றோல் டாங்கி பின்னால், டிக்கிக்கு அடியில் இருக்கிறது. பம்ப் பெட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில். அங்கிருந்து ஓர் இரும்பு பைப் வண்டியின் அடிப்பக்கத்தோடு ஒட்டி முன்னால் வருகிறது. எஞ்சின் ஓடும்போது அதிரும் என்பதால், பைப்பிலிருந்து, பெற்றோலைக் காற்றோடு கலக்கிற கார்பரேட்டருக்கு இறப்பர் ஹோஸ்தான். இதுவரை பல பழைய கார்களிலும் உள்ள கதை. நம் வண்டியில் நான் பயப்படுகிற இடம் ஒன்று இருக்கிறது. அந்த எஞ்சினில் இரண்டு கார்பரேட்டரும், எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகிற எக்சோஸ்ட் மேனிபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மேலே பெற்றோல், நேர் கீழே நெருப்புச் சூடு. நடுவில் உள்ள தகரத் தடுப்பு சூட்டை மறைக்கத்தான். ஹோஸ் வெடித்துப் பெற்றோல் பீய்ச்சினால் அது காப்பாற்றாது. தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு, முன்னால் ஒரு லொறி ஊர்ந்துகொண்டிருக்க, இரண்டாம் கியரில் ஏறும்போது அந்த மேனிபோல்ட் எப்படிக் கொதிக்கும் என்று நினைத்துப் பார். அதில் பெற்றோல் விழவே கூடாது.

கசிந்தது முன்பக்கத்து ஹோஸ்தான். ஆனால் எல்லா ஹோஸும் ஒரே காலத்தில் போட்டவை, ஒரே மாதிரித்தான் கிடந்தன. 2022இல் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று கியூஆர் கோட் வைத்துப் பெற்றோல் கொடுத்த நாட்கள் உனக்கும் நினைவிருக்கும். அப்போது வேனுக்கே போதவில்லை; எம்ஜி ஷெட்டில்தான் நின்றது. இறப்பரை மிருதுவாக வைத்திருக்கிற எண்ணெய்ச் சத்தைப் பெற்றோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். ஹோஸ் நனைந்தே இருக்கும் வரைக்கும் குறை தெரியாது. காய்ந்துவிட்டால் சுருங்கி, விறைத்து, வெடிக்கும். கழற்றிய ஹோஸ்களை நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். வெளியே பார்க்க நல்ல ஹோஸ். உள்ளே விரலால் தேய்த்தால் கரித்தூள் போல ஒட்டியது. அந்தத் தூள்தான் கார்பரேட்டருக்குப் போய், பெற்றோல் வரத்தைத் திறந்து மூடுகிற ஊசி வால்வில் மாட்டிக்கொள்ளும். வால்வு மூடாவிட்டால் பெற்றோல் வழியும். வழிந்தால் எங்கே போகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

இரும்பு பைப்பும் நல்ல நிலையில் இல்லை. அதை வண்டியின் உடம்போடு பிடித்து வைத்திருந்த கிளிப்புகளுக்குள் ரோட்டுச் செம்மண் அடைந்து, ஈரம் காயாமலே இருந்திருக்கிறது. ஹட்டன் மழையும் பனியும் உனக்குத் தெரியாததா! கிளிப்பைக் கழற்றித் துடைத்தபோது அந்த இடமெல்லாம் துரு தின்று குழி விழுந்திருந்தது.

வேலையை ஷெட்டுக்குள் செய்யவில்லை. காரைத் தள்ளி வெளி முற்றத்தில் நிறுத்தினோம். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடிப் போகும். நம் குசினி முற்றத்துக்குக் கீழ்ப்படியில் இருக்கிறதே, அம்மா அன்று விறகடுப்பு மூட்டவே இல்லை. எல்லோருக்கும் கடை ரொட்டிதான். சீட்டுக்குப் பின்னால் உள்ள 6 வோல்ட் பெட்டரி இரண்டையும் கழற்றி வைத்த பிறகுதான் டாங்கியை வடித்தேன். தம்பி தீயணைக்கும் சிலிண்டரோடு பக்கத்திலேயே நின்றான்.

நீ அனுப்பிய செம்பு நிக்கல் கலந்த பைப் அருமையான சாமான். துருப்பிடிக்காது, சொன்னபடி வளையும். வெறும் செம்பு பைப் இங்கேயே வாங்கலாம் என்று நம் கராஜ் பாஸ் சொன்னார். வேண்டாம் என்றேன். செம்பு அதிர்ந்து அதிர்ந்து இறுகி, ஒரு நாள் கீறல் விடும். பழைய பைப்பைப் பக்கத்தில் வைத்து, அதே வளைவுகளை ஒவ்வொன்றாக வளைத்து, சைலன்சர் பக்கம் போகாமல் பழைய வழியிலேயே கொண்டுவந்தேன். ஹோஸ் மாட்டும் முனைகளில் சின்ன விளிம்பு எழுப்பியிருக்கிறேன், ஹோஸ் வழுக்கிக் கழன்றுவிடாமல். கிளிப்பும் பட்டி முழுக்க வெட்டு உள்ள சாதாரண வகையைப் போடவில்லை. அது இறுக்க இறுக்க இறப்பரை அறுக்கும். ஓரம் மடித்த வகையைத்தான் போட்டேன்.

ஹோஸ் விஷயத்தில் நீ ஆர்9 என்று தரக் குறி எழுதியிருப்பதையே தேடி வாங்கியது ரொம்ப நல்ல காரியம். உங்கள் பிரித்தானியாவில் 2021இலிருந்து சாதாரணப் பெற்றோலிலேயே 10 சதவீதம் வரை எத்தனோல் கலக்கிறார்கள். பழைய காலத்து இறப்பருக்கு அது ஆகாது. ஆர்9இன் உள்பூச்சு அதையும் தாங்கும். அங்கே உன் கூட்டாளிகள் யாராவது பழைய கார் வைத்திருந்தால் கேட்டுப் பார், ஹோஸின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று. எழுத்தே இல்லாத ஹோஸை நம்பக் கூடாது.

எல்லாம் பூட்டி, பெட்டரி கொடுத்து, சாவியைத் திருப்பினேன். எஸ்யூ பம்ப் டிக் டிக் டிக் என்று வேகமாகத் தட்டி, கார்பரேட்டர் நிறைந்ததும் நின்றது. எனக்குப் பெரிய நிம்மதி. பிறகு ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளைக் காகிதத்தை வைத்து ஒற்றிப் பார்த்தேன். ஈரமே இல்லை.

நீ ஓட்டும் நாளிலும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். சாவியைத் திருப்பு, உடனே ஸ்டார்ட் பண்ணாதே, காது கொடுத்துக் கேள். தட்டல் நின்றால் சரி. எஞ்சின் ஓடாதபோதும் நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தால், எங்கோ ஒழுகுகிறது, இல்லாவிட்டால் ஊசி வால்வு மூடவில்லை, இல்லை டாங்கி காலி. அப்போது சாவியை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிடு. வழியில் பெற்றோல் வாசம் வந்தால், "பழைய கார்தானே" என்று விட்டுவிடாதே. ஓரமாக நிறுத்தி, அணைத்து, முதலில் பிள்ளையை இறக்கு. கார் அப்புறம்.

வரும்போது அந்த ஊசி வால்வு இரண்டு வாங்கி வா. கார்பரேட்டர் எச்எஸ்4 என்று சொல்லிக் கேட்டால் கொடுப்பார்கள். இப்போது உள்ளதைக் கழுவித்தான் போட்டிருக்கிறேன், பழைய தூள் பட்டது. பேரனின் கால் அளவையும் எழுது, அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா